குற்றவாளி கார்புரேட்டர்தானா?

பழைய புல்லட் ஒன்று மெக்கானிக் கடைக்கு வரும்போது உரிமையாளரின் புகார் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடும். "பிக்கப் இல்லை", "மேட்டில் இழுக்கவில்லை", "மிஸ் அடிக்கிறது", "சூடானால் நின்றுபோகிறது". பல கடைகளில் இதற்குக் கிடைக்கும் முதல் தீர்ப்பும் ஒன்றுதான்: கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அதில் தீராவிட்டால் ஜெட் மாறும். பிறகு ஸ்பார்க் ப்ளக், காயில், பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாறும். அப்போதும் வண்டி இழுக்காவிட்டால் போர் போட வேண்டும் என்று சொல்லி எஞ்சினையே பிரித்துவிடுவார்கள். இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் கோளாறு தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் எது பழுதாக இருந்தது என்று கேட்டால் கடைசிவரை யாராலும் சொல்ல முடியாது. அதனாலேயே அதே கோளாறு அடுத்த மழைக்காலத்தில் திரும்பி வரும்போது எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பழைய எஞ்சினில் உதிரிபாகத்தை மாற்றுவது பழுதுபார்ப்பின் கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அறிகுறிக்கும் பாகத்துக்கும் நடுவில் ஒரு சோதனை இருந்தே ஆக வேண்டும். அந்தச் சோதனை பெரும்பாலும் செலவில்லாதது, சில நிமிடங்களில் முடிவது.

இதை விளக்க புல்லட்டை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1940-களின் இறுதியில் உருவான 350 சிசி புல்லட், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸின் கூட்டுறவில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கப்பட்டதும் சென்னைக்கு வந்தது. திருவொற்றியூர் தொழிற்சாலை அதைத் தயாரித்துக்கொண்டே இருந்தது. ரெட்டிச் ஆலையோ 1967-இல் மூடப்பட்டது. பிறந்த ஊரில் மறைந்துபோன எஞ்சின், ஏறக்குறைய அதே வடிவில், திருவொற்றியூரில் 2000-த்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர், புஷ்ராடு வைத்த வால்வுகள், வார்ப்பிரும்பு பேரல். தமிழ்நாட்டில் பழைய வண்டி என்றதும் பலர் நினைவுக்கும் வருவது அதுதான். இதன் திறன் சுமார் 18 குதிரைத்திறன். அந்த எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 40 குதிரைத்திறன் உள்ள இன்றைய வண்டியில் நான்கு போனால் ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே போகலாம். 18-இல் நான்கு போனால் பின்னிருக்கையில் ஆள் உட்கார்ந்ததுமே தெரிந்துவிடும். பழைய வண்டியில் சிறு பிழையும் பெரிய நோய்போலத் தோன்றுவதற்கும், அதைப் பார்த்துப் பெரிய வைத்தியம் தொடங்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

எஞ்சின்மீது பழி போடும் முன், குறை எஞ்சினில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். நின்றுவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது சங்கிலி அளவுக்குமீறி இறுக்கமாக இருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்காமல் கார்புரேட்டரைக் கழற்றுவதில் பொருளில்லை.

எஞ்சின்தான் என்று உறுதியானால், அது கேட்பது நான்கே விஷயங்கள்: போதிய அழுத்தம், வலுவான பொறி, சரியான நேரத்தில் அந்தப் பொறி, சரியான விகிதத்தில் காற்றும் பெட்ரோலும். இவற்றை இதே வரிசையில் பார்க்க வேண்டும். வால்வு சரியாக மூடாத எஞ்சின், காற்றையும் பெட்ரோலையும் சரியாக உறிஞ்சாது. அந்த நிலையில் கார்புரேட்டரைத் திருத்தினால், இல்லாத கோளாறுக்கு ஏற்ப அதைக் கெடுப்பதாக முடியும். டைமிங் பிந்தியிருக்கும் எஞ்சின் மந்தமாகவும் சூடாகவும் ஓடும். பெரிய ஜெட் போட்டு அதை மூடி மறைக்கலாம், குணப்படுத்த முடியாது. கார்புரேட்டரின் அமைப்பு முழுவதும் மற்ற மூன்றும் சரியாக இருக்கின்றன என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அதனால்தான் அதைக் கடைசியில் தொட வேண்டும். நம் வழக்கம் இதற்கு நேர் எதிராக இருப்பதற்குக் காரணம், அது வெளியே கண்ணில் படுவதும் இரண்டு நட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடுவதும்தான்.

அழுத்தத்தைப் பார்க்கக் கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வழி உண்டு. இக்னிஷனை அணைத்துவிட்டு, டிகம்ப்ரஷரைப் பிடிக்காமல் கிக்கர்மேல் மெதுவாக எடையை வைத்தால் நல்ல எஞ்சின் கொஞ்ச நேரம் தாங்கி, மெல்ல மெல்லத்தான் இறங்கும். தடையே இல்லாமல் இறங்கினால் காற்று எங்கோ கசிகிறது. எங்கே என்பதைக் காதே சொல்லும். கார்புரேட்டர் பக்கம் சீறல் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு, சைலன்ஸரில் கேட்டால் வெளியேற்றும் வால்வு, எஞ்சினின் ப்ரீதர் குழாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். இன்னும் உறுதி வேண்டுமானால் ப்ளக் துளை வழியே ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி மிதிக்கலாம். தடை கூடினால் ரிங் அல்லது பேரல் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் குற்றம் வால்வில். வால்வு என்று தெரிந்த உடனேயே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. டிகம்ப்ரஷர் கேபிள் இறுக்கமாக இருந்தால் அந்தச் சின்ன வால்வு எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். டேப்பட் இறுக்கமாக இருந்தாலும் வால்வு முழுதாக அமராது. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, புஷ்ராடுகளை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். எளிதாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. கேபிளையும் டேப்பட்டையும் சரிசெய்ய ஸ்பேனர் இரண்டு போதும். அதைச் செய்யாமல் லேப்பிங்குக்கு ஹெட்டை அனுப்பினால், திரும்பப் பூட்டும்போது டேப்பட்டை எப்படியும் சரிசெய்துதான் ஆக வேண்டும்; வண்டி சரியானதும் பெருமை லேப்பிங்குக்குப் போய்விடும்.

புகையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையில்லாத ரீபோர்கள் பல புகையால் வருகின்றன. புல்லட்டின் ஆயில் அறை எஞ்சினோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. வண்டி வாரக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாக மெதுவாகக் கசிந்து கிராங்க் அறையில் இறங்கிவிடும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை தெருவை மறைக்கும், எஞ்சினும் கனமாகச் சுற்றும். திரும்பிச் செல்லும் பம்ப் அந்த ஆயிலை மேலே ஏற்றியதும் புகை அடங்கிவிடும். தேய்ந்த ரிங் விடும் புகை அப்படி அடங்காது. ஓட ஓட வரும், ஆக்சிலேட்டரைத் திருகும்போது கூடும். ஆகவே கேட்க வேண்டியது "புகை வருகிறதா" என்பதல்ல, "எத்தனை நாள் நின்ற பிறகு வருகிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது" என்பது. நின்ற வண்டியின் கிராங்க் அறை வடிகால் திருகைத் திறந்து எவ்வளவு ஆயில் வருகிறது என்று பார்த்தால் விடை கையில் இருக்கும்.

அடுத்தது பொறி. பழைய புல்லட்டைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்வதானால், இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். 1910-ஐ ஒட்டி அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி காயில் இக்னிஷன்தான் இதிலும் இருக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் ஓடி காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. கேம் பாயிண்டைத் திறந்ததும் மின்சாரம் அறுபட்டு, அந்தப் புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து ப்ளக்கில் பொறியாகிறது. பாயிண்டுக்கு இணையாக இருக்கும் கண்டென்சர், அறுபடும் மின்சாரம் பாயிண்டின் இடைவெளியைத் தாண்டிவிடாமல் வாங்கிக்கொள்கிறது. கண்டென்சர் கெட்டால் பாயிண்டில் பளீரென்று வெள்ளை நீலத் தீப்பொறி தெறிக்கும், பாயிண்டின் முகம் குழிந்து கருகும், ப்ளக்கில் பொறி மெலியும். குழிந்த பாயிண்டைப் பார்த்துவிட்டுப் புதுப் பாயிண்ட் மட்டும் போட்டால், புதியதும் சீக்கிரமே குழியும்.

இந்தச் சுற்றைச் சோதிக்கும் கருவியை எஞ்சினியர்கள் அந்த வண்டியின் ஹெட்லைட் தலையிலேயே பொருத்தித் தந்திருக்கிறார்கள்: ஆம்மீட்டர். விளக்குகளை அணைத்து, இக்னிஷனைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் ஒருமுறை டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்து பிறகு நடுவுக்குத் திரும்ப வேண்டும். சாய்ந்தால் பாயிண்ட் மூடியிருக்கிறது. நடுவில் நின்றால் திறந்திருக்கிறது. புல்லட் ஓட்டுகிறவர்கள் ஸ்டார்ட் செய்ய இந்த முள்ளைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் கோளாறு பார்க்க அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. எவ்வளவு சுற்றினாலும் முள் அசையவே இல்லை என்றால் பாயிண்டுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்டின் முகம் அழுக்கேறிப்போயிருக்கிறது. முள் டிஸ்சார்ஜிலேயே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சரோ ஒயரோ பாடியில் ஷார்ட் ஆகியிருக்கிறது. ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், இக்னிஷனின் பாதியை இந்த ஒரே பார்வையில் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பார்த்து முடித்ததும் இக்னிஷனை அணைத்துவிட வேண்டும். பாயிண்ட் மூடிய நிலையில் விட்டுவிட்டால் காயில் சூடேறும், பேட்டரியும் இறங்கும்.

பொறியைப் பார்க்கும் முறையிலும் ஏமாற இடமுண்டு. ப்ளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து மிதித்துப் பார்த்து, "கரண்ட் நல்லா வருது" என்று முடிவுகட்டுவது எல்லாக் கடையிலும் நடப்பது. திறந்த காற்றில் பொறி தாவுவது எளிது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் அதே இடைவெளியைத் தாண்ட அதைவிடப் பல மடங்கு வோல்ட் வேண்டும். எனவே வெளியே நன்றாகத் தெரியும் பொறி உள்ளே செத்துப்போகலாம், அதுவும் குறிப்பாக எஞ்சின் அதிகம் உழைக்கும் மேட்டில். பொறி ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளியைக் காற்றில் தாண்டுகிறதா என்று பார்ப்பது இதைவிட நேர்மையான சோதனை. ப்ளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால் பொறியை அந்தத் துளைக்கு அருகில் வைத்துப் பார்க்கக் கூடாது.

பாயிண்ட் இடைவெளிக்கும் டைமிங்குக்கும் உள்ள உறவு பலருக்கும் தெரிவதில்லை. கேம்மேல் உரசும் பாயிண்டின் குதிங்கால் தேயத்தேய இடைவெளி சுருங்குகிறது. சுருங்கினால் பாயிண்ட் பிந்தித் திறக்கிறது, அதாவது டைமிங்கும் பிந்துகிறது. வண்டி ஒரே நாளில் கெடாமல், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிக்கொண்டு வந்தால் முதலில் ஃபீலர் கேஜை எடுக்க வேண்டும், இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முன்னது மாறினால் பின்னதும் மாறும். பாயிண்டுக்குக் கீழே இருக்கும் தானியங்கி அட்வான்ஸ் எடைகளையும் ஸ்ப்ரிங்குகளையும் விரலால் திருகிவிட்டுப் பார்க்கலாம். துள்ளித் திரும்ப வேண்டும். துருவேறி அட்வான்ஸில் சிக்கிக்கொண்டால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். பின்தங்கிய நிலையில் சிக்கினால் வண்டி நிதானமாக ஓடும்போது குறை தெரியாது, வேகம் கூட்டும்போது மூச்சு முட்டும். சைலன்ஸர் பைப் அளவுக்கு மீறிச் சூடாகும்.

எல்லாவற்றையும்விட அறிகுறி நம்மை ஏமாற்றும் இடம், சூடானால் நின்றுபோகும் வண்டி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி நிற்கிறது. சற்று நேரம் கழித்து மிதித்தால் எதுவும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. உடைந்த சுற்றுள்ள காயில் சூட்டில் இப்படிச் செய்யும், ஆறினால் மீண்டும் வேலை செய்யும். கண்டென்சரும் அப்படியே. ஆனால் பெட்ரோல் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே நாடகம்தான் நடக்கும். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்ல உள்ளே போய் மறுபடி வழி திறக்கிறது. சூட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, தூரத்துக்குத்தான் தொடர்பு. வண்டியை ஆறவைத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேரும்போது இந்த இரண்டு காரணங்களையும் பிரித்தறியும் தடயம் போய்விடுகிறது. நின்ற அந்த நிமிடத்திலேயே டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். உஸ் என்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியில் உள்ள ஊசித்துளையைச் சுத்தம் செய்தால் போதும். ஆகாவிட்டால் அங்கேயே பொறியைப் பார்க்க வேண்டும். பொறி இல்லை என்றால் கார்புரேட்டர் நிரபராதி. சாலையோரத்தில் செலவிடும் இந்த ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக ஒரு காயிலையும் ஒரு கார்புரேட்டரையும் விலைகொடுத்து வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

இத்தனையும் சரியாக இருந்து, இன்னும் குறை இருந்தால்தான் கார்புரேட்டர். அங்கும் முதலில் கேட்க வேண்டியது, குறை எந்த வேகத்தில் தெரிகிறது என்பதல்ல, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது தெரிகிறது என்பதே. புல்லட்டில் வந்த மிக்கார்ப் போன்ற ஸ்லைடு கார்புரேட்டரில், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குவரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆளுகின்றன. அங்கிருந்து கால் பங்குவரை ஸ்லைடின் வெட்டு, கால் முதல் முக்கால்வரை நீடில், அதற்குமேல் மெயின் ஜெட். கைப்பிடியில் ஒரு டேப் துண்டை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் குறித்துக்கொண்டு ஓட்டினால் எந்தப் பகுதி குற்றவாளி என்று தெரிந்துவிடும். பெட்ரோல் கூடுதலா குறைவா என்பதற்கும் வழி உண்டு: குறை தெரியும் அதே திறப்பில் சோக்கைச் சிறிது போட்டால் ஓட்டம் தேறுகிறதா, மோசமாகிறதா? தேறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று புகுகிறது. மோசமானால் பெட்ரோல் கூடுதல். ஸ்லோவில் நிற்காமல் எஞ்சின் ஏறி இறங்கி, ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்ஸரில் பட்பட்டென்று வெடித்தால் அந்தக் காற்றுக் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து ஒரு கேஸ்கட், ஜெட் அல்ல.

இன்று இதற்கெல்லாம் ஒரே பதிலாகச் சொல்லப்படுவது பெட்ரோல். "எத்தனால் கலந்ததிலிருந்துதான் வண்டி கெட்டது" என்ற குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது, அதில் உண்மை இருக்கிறது. பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 9 பங்கு போதும். 2023 முதல் படிப்படியாக வந்த 20 விழுக்காடு எத்தனால் கலவைக்கு இது ஏறக்குறைய 13.5 ஆகிறது. பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது பழைய அளவிலேயே கொடுக்கும். விளைவாக எஞ்சின் எட்டு விழுக்காடு அளவுக்குப் பெட்ரோல் குறைவாக ஓடுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் இதில் ஊறிக் கெடவும் கூடும். மாதக்கணக்கில் நின்ற டேங்கில் எத்தனால் ஈரத்தை இழுத்து, நீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கவும் கூடும். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் இரண்டு அடுக்காகத் தெரியும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், பெட்ரோலின் குற்றத்துக்கு ஒரு அடையாளம் இருக்க வேண்டும். கலவை மாற்றம் ஆக்சிலேட்டரின் எல்லாத் திறப்புகளிலும் ஒரே மாதிரி தெரியும். கால் திறப்பில் மட்டும் வரும் தடுமாற்றத்துக்கு அது காரணமாக முடியாது. நேற்றுவரை நன்றாக ஓடி இன்று காலை திடீரென்று வந்த குறைக்கும் அது காரணமாக இருப்பது அரிது. இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்: கூடுதல் விலையுள்ள உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இழுவை கூடும் என்று நம்புவது வீண். ஆக்டேன் என்பது எரிபொருள் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், சுமார் 6.5 மடங்கு மட்டுமே அழுத்தும் அந்த எஞ்சினுக்கு அது தேவையே இல்லை.

கைதேர்ந்த மெக்கானிக்குக்குச் சோதனை எதற்கு, அவர் காதே போதுமே என்பது மற்றொரு மறுப்பு. எனக்கு அந்தக் காதின்மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நல்ல மெக்கானிக்கைக் கவனித்துப் பாருங்கள். வண்டி வந்ததும் கையாலேயே கிக்கரை அழுத்திப் பார்க்கிறார். ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்புகிறார். ஆக்சிலேட்டரைத் திருகி விட்டு, சைலன்ஸர் வாயில் கையை வைத்துப் பார்க்கிறார். எப்போதிலிருந்து இப்படி, மழையில் நனைந்ததா, கடைசியாக யார் கை வைத்தார் என்று விசாரிக்கிறார். அவர் செய்வதெல்லாம் சோதனைதான். பல வருடப் பழக்கத்தால் வெளியே தெரியாத வேகத்தில் நடக்கிறது. அனுபவத்துக்கும் சோதனைக்கும் பகை இல்லை. பகை, அனுபவமும் இல்லாமல் சோதனையும் இல்லாமல் நடக்கும் மாற்றல் வேலையோடுதான்.

அதைவிட வலுவான மறுப்பு பணத்தைப் பற்றியது. சோதனைக்குச் செலவிடும் அரை மணி நேரத்துக்கு வாடிக்கையாளர் காசு தருவதில்லை. மாற்றிய பாகத்துக்குத் தருகிறார். மெக்கானிக் பாகம் மாற்றுவதை நோக்கித் தள்ளப்படுவது அவர் குற்றமல்ல, நாம் கூலி கொடுக்கும் முறையின் குற்றம். கண்டென்சர்போல் விலை குறைந்த பாகத்தை மாற்றிப் பார்ப்பதே ஒரு சோதனைதான் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சரியானதும் பழையதைத் திரும்பப் பூட்டி, கோளாறும் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால்தான் நிரூபணம். வராவிட்டால் கழற்றிப் பூட்டும்போது ஏதோ ஒரு தளர்ந்த ஒயர் இறுகியிருக்கிறது என்று பொருள். புதியது என்பதாலேயே ஒரு பாகம் நல்லது என்றும் ஆகிவிடாது. சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் நல்ல சரக்கும் டூப்ளிகேட்டும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கின்றன. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்டிருக்கும் கண்டென்சர் அரிதான பொருளே அல்ல. சந்தேகத்துக்குரிய பழையதைக் கழற்றி, சந்தேகத்துக்குரிய புதியதை மாட்டினால் கேள்விகள் இரண்டாகின்றன.

பாயிண்டையே தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. தினமும் ஓட்டுகிறவருக்கு அது நியாயமான தேர்வு. குதிங்கால் தேய்வு, இடைவெளி, குழிந்த முகம் மூன்றும் ஒரே அடியாகப் போய்விடும். ஆனால் வால்வு கசியும் எஞ்சினுக்கோ காற்றுத் துளை அடைத்த டேங்குக்கோ அது எதுவும் செய்யாது. இக்னிஷன்தான் குற்றவாளி என்று சோதனை காட்டிய பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது. மேலும் எலக்ட்ரானிக் பெட்டி போனால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. பாயிண்டை ஒரு துண்டு நைஸ் எமரி தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். பழைமைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டுக்கு மேலான வண்டியை வின்டேஜ் என்று பதிவுசெய்ய, அது அசல் வடிவில் இருக்க வேண்டும், எஞ்சினிலும் பாடியிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று கேட்கின்றன. 1960-களின் திருவொற்றியூர் புல்லட்டிலிருந்து அவசரத்தில் கழற்றி எறியப்படும் அசல் பாகம் ஒவ்வொன்றும் திரும்பக் கிடைக்காத பொருள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது நான்கு காரியங்கள். வண்டியை விடும்போது "பிக்கப் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போதிலிருந்து, குளிரிலா சூட்டிலா, எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆக்சிலேட்டரில் என்று எழுதிக் கொடுங்கள். சோதனை பார்க்கும் நேரத்துக்குத் தனியாகக் கூலி தருவதாக முதலிலேயே சொல்லுங்கள். கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கார்புரேட்டரைக் கழற்ற ஸ்பேனரை எடுக்கும் முன், டேங்க் மூடியையும் டேப்பட்டையும் பாயிண்டையும் பார்த்தாயிற்றா என்று மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேளுங்கள்.